புள்ளி

பார்சலோடு போகும்போது நானும் ஒரு புள்ளிதான்.
செந்தூலில் கிளம்பி ஜாலான் ஈப்போ வழியே
யாரோ ஒருவர் கைப்பேசியில்
நகர்ந்துகொண்டிருப்பேன்.
மழை கொட்டினால் மேம்பாலத்தடியில்
இருபது மோட்டாரோடு ஒண்டி நிற்பேன்.
அப்போதுதான் அழைப்பு வரும்:
"ஏன் அங்கயே நிக்கிற? அஞ்சு நிமிஷமா பாக்கறேன்."
சட்டையைப் பிழிந்துகொண்டே "சாரி பாஸ்" என்பேன்.
பிறகு திட்டுவேன், ஹெல்மெட்டுக்குள்,
யாருக்கும் கேட்காமல்.

இவ்வளவும் தெரிந்த நான்தான்
லோஷினியைப் புள்ளியாக்கி வைத்திருந்தேன்.

"ராத்திரி ரயிலு, எனக்குப் பயமா இருக்கு லா"
என்று சொல்லித்தான் வாங்கினேன்.
எதைப் பற்றிய பயம் என்று
அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.
மஸ்ஜிட் ஜாமேக்கில் மருந்துக்கடை சாத்தி
அவள் படியேறியதும் நீலம் அசையும்.
பண்டாராயா. சுல்தான் இஸ்மாயில். பிடபிள்யூடிசி.
சிவப்பு விளக்கு ஒவ்வொன்றிலும்
கட்டைவிரல் தானாகப் போய்ப் பார்க்கும்.
கடைசியாக அவள் எப்போது சிரித்தாள்,
தெரியாது.
எந்த நிலையத்தில் இருக்கிறாள்,
தெரியும்.

"ஆம்பளன்னா அப்படித்தான்" என்பான் ஷர்வின்,
ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே.
"விட்டா பறந்துரும்டா."
நாலு பேரும் தலையாட்டுவோம்.
நாலு கைப்பேசிகள் மேசையில்
மல்லாந்து கிடக்கும்.

ஒரு செவ்வாய்க்கிழமை
தித்திவங்சாவில் நின்றுவிட்டது நீலம்.
பத்து நிமிடம். இருபது. நாற்பது.
மூன்று முறை அழைத்தேன், எடுக்கவில்லை.
யாருடைய நாசி கோரேங்கோ பெட்டியில் ஆறிக்கொண்டிருக்க
மோட்டாரைத் திருப்பினேன்.
வழியெல்லாம் முகமில்லாத ஒருவனை
மனசுக்குள் போட்டு அடித்துக்கொண்டே போனேன்.

நிலையத்தடியில் பீசாங் கோரேங் வண்டி.
பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில்
செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.
கூட யாரும் இல்லை.
கடைக்கார மக்சிக்கின் பவர்பேங்கில்
அவள் போன் தொங்கிக்கொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்,
வீட்டுப்பாடம் செய்யாத பிள்ளை நிற்பதுபோல.
"பேட்டரி நாலு பர்சென்ட்தான் இருந்துச்சு.
ஆஃப் ஆயிட்டா நீ கத்துவ.
அதான் சார்ஜ் போட்டுட்டுப் போலாம்னு...
சத்தம் போடாம வச்சிருந்தேன் போல, சாரி."

சாரி.
அந்தச் சொல் எனக்குத் தெரியும்.
நனைந்த சட்டையோடு
தினம் நான் சொல்வது.

ஒன்றாம் ஆண்டில் படித்தது
ஏனோ அப்போது வந்தது:
எழுத்தின் தலையில் புள்ளி வைத்தால்
உயிர் போய்விடும், மெய் மட்டும் நிற்கும்.
லோ. ஷி. னி.
அவள் பெயரில் ஒரு புள்ளிகூட இல்லை.
நான் வைத்ததுதான்.

அங்கேயே, அவள் பார்க்க, அதை நிறுத்தினேன்.
"கோவமா?" என்றாள்.
நல்லதைச் செய்தாலும்
கோபமாய்த்தான் தெரியும்படி
இத்தனை நாள் இருந்திருக்கிறேன்.
இல்லை என்று தலையாட்டினேன்.
ஒரு துண்டு நீட்டினாள்.
நாக்கு சுட்டது.
நாசி கோரேங்காரர் அன்றிரவு எனக்கு
ஒற்றை நட்சத்திரம் போட்டார்.

ஷர்வினிடம் சொன்னபோது சிரித்தான்.
"பொண்ணுக்குப் பயந்துட்டியா?"
"இல்லடா, என்னப் பாத்து அவ பயந்தா."
அவன் தேத்தாரே சொல்லத் திரும்பிவிட்டான்.
ரூபேந்திரன் மட்டும்
தன் கைப்பேசியை எடுத்துக் கவிழ்த்து வைத்தான்.
எதற்கென்று தெரியவில்லை.

சிவப்பு விளக்கில் கட்டைவிரல் இன்னும் போகிறது.
வரைபடத்தில் இப்போது தெருக்கள் மட்டும்.
அவளை எங்கே வேண்டுமானாலும்
வைத்துப் பார்க்க முடிகிற அளவுக்கு
பெரிய ஊர் இது.

நேற்று அவளாகவே அழைத்தாள்.
"சாப்டியா?"
பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம்.
"எங்க இருக்க" என்பது
நாக்கு நுனிவரை வந்து நின்றது.
"நீ சாப்டியா?" என்றேன்.

யார் சிரித்தது என்று இன்னும் தெரியாது.
கஷ்டமாகத்தான் இருக்கிறது.
இருக்கட்டும்.